சர்வர் மதர்போர்டு மாற்றுவது எப்படி: மூடியைத் திறப்பதற்கு முன்பிருந்து பழைய போர்டைத் திருப்பி அனுப்பும் வரை

இது ரேக்கில் இருக்கும், இரண்டு சிபியு போட்ட 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம் பிடிக்கும்) சர்வருக்கான வழிகாட்டி. டிஸ்க், பவர் சப்ளை, ஃபேன் இவற்றைப் பெரும்பாலும் சர்வர் ஓடும்போதே மாற்றிவிடலாம். மதர்போர்டுக்கு அந்த வசதி கிடையாது, உள்ளே இருக்கும் அத்தனையையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். பழகிய கைக்கு ஒன்றரை மணி நேரம், புதிதாகச் செய்பவருக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டுவதில் புதியவர்கள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, ஸ்க்ரூ எல்லாருக்கும் ஸ்க்ரூதான். சர்வரின் சீரியல் எண், நெட்வொர்க் முகவரி, டிஸ்க்கைத் திறக்கும் சாவி, பூட் ஆகும் வழி எல்லாம் அந்தப் போர்டுக்குள் இருக்கிறது, அதைக் கழற்றினால் அத்தனையும் கூடவே கிளம்பிவிடும் என்பது தெரியாமல் கை வைப்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே முன்வேலையும் பின்வேலையும் நீளமாக இருக்கும், நடுவில் உள்ள கைவேலை கொஞ்சம் சுருக்கமாக.

1. பழுது போர்டில்தானா என்று பாருங்கள்

முதல் வேலை, பிஎம்சி லாக்கை இறக்கி வைப்பது. பிஎம்சி என்பது சர்வருக்குள் தனியாக ஓடும் சின்னக் கம்ப்யூட்டர், டெல்லில் ஐடிராக், எச்பிஇ-யில் ஐஎல்ஓ. லாக்கும் அதே போர்டில்தான் இருக்கிறது. போர்டு போனபின் "என்ன எரர் வந்தது?" என்று வெண்டர் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் குறைந்தபட்ச உறுப்புகளோடு ஆன் செய்து பாருங்கள்: ஒரு சிபியு, மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் ஒரே ஒரு ராம், ஒரு பவர் சப்ளை, கார்டு எதுவும் வேண்டாம். இப்படி ஆன் ஆகிவிட்டால் கோளாறு நீங்கள் கழற்றி வைத்தவற்றில் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் சிக்கிவிடும். ஆகவில்லையென்றால் வேறு ராம், வேறு பவர் சப்ளை, இரண்டாவது சிபியுவை முதல் சாக்கெட்டில் போட்டு என மாற்றி மாற்றிப் பாருங்கள். எதைப் போட்டாலும் அதே கதை என்றால் போர்டின் மேல் பழி போடலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைக்கு சர்வரை அணைத்து மூடியைத் திறக்க வேண்டும். சர்வர் அரை உயிரோடாவது ஓடிக்கொண்டிருந்தால் இதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பகுதியை முதலில் முடியுங்கள். அணைத்தபின் அது மறுபடி எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2. போர்டோடு போய்விடுபவற்றை எழுதிவையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண், அதோடு புராடக்ட் எண். இவை பெட்டியின் வெளியே ஸ்டிக்கரில் இருக்கும், ஆனால் ரேக்கில் பத்து வருடம் இருந்த ஸ்டிக்கரைப் படிக்க முடியும் என்று நம்பாதீர்கள். பிஎம்சி திரையிலிருந்தும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி, லைசென்ஸ், கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் இந்த எண்ணைத்தான் பார்க்கின்றன.

பயாஸ் (சர்வர் எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) செட்டிங்குகள். ஏற்றுமதி செய்யும் வசதி பெரும்பாலான மாடல்களில் உண்டு. இல்லையென்றால் ஒவ்வொரு பக்கமாகத் திரையைப் படம் எடுங்கள். முக்கியமாக மூன்று: பூட் முறை (இயங்குதளத்தைத் தொடங்கும் வழி) புதிய யூஇஎஃப்ஐ-யா பழைய பயாஸ் முறையா, டிஸ்க்குகளை இயக்கும் சாட்டா கண்ட்ரோலர் ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து இயக்கும்) முறையில் இருக்கிறதா ஏஎச்சிஐ (தனித்தனி டிஸ்க்) முறையிலா, மெய்நிகராக்க வசதி (ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டுவது) இயக்கத்தில் இருக்கிறதா. புதுப் போர்டு தொழிற்சாலை செட்டிங்கோடு வரும், அது உங்கள் செட்டிங்கோடு ஒத்துப்போனால் அது அதிர்ஷ்டம்.

பிஎம்சி-யின் ஐபி முகவரி, விலேன் (நெட்வொர்க்கைப் பிரிக்கும்) எண், பயனர் பட்டியல், லைசென்ஸ் கோப்பு. தொலைவிலிருந்து திரை பார்க்கும் வசதிக்குத் தனி லைசென்ஸ் வாங்கியிருப்பீர்கள், அதன் கோப்பு யாருடைய மின்னஞ்சலில் கிடக்கிறது என்று இப்போதே தேடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் போர்ட்டுகளின் மேக் முகவரிகள் (ஒவ்வொரு போர்ட்டுக்கும் தயாரிக்கும்போதே தரப்பட்ட தனி எண்). எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள், ஸ்விட்ச்சில் எந்த எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

டிஸ்க் சாவிகள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து, உண்மையிலேயே அந்த டிரைவுக்கு உரியதுதானா என்று அடையாள எண்ணோடு ஒப்பிடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால், அணைப்பதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: சாதாரணமாக நிறுத்தினால் ஒரே ஒரு ரீபூட்டுக்குப் பிறகு அது தானாகத் திரும்பிவிடும், போர்டு மாற்றும்போதோ நாம் நான்கைந்து முறை ரீபூட் செய்வோம். ரீபூட் எண்ணிக்கையை 0 என்று கொடுத்தால்தான் நாமே திரும்பப் போடும் வரை நிற்கும். லினக்ஸில் டிபிஎம் (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சிப்) வழியாகத் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால், கையால் அடிக்கும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, 7.0 அப்டேட் 2 முதல் தன் அமைப்புக் கோப்பைக் குறியாக்கம் செய்து வைக்கிறது, டிபிஎம் உள்ள சர்வரில் அந்தச் சாவி டிபிஎம்மோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கும் மீட்புச் சாவி உண்டு, எடுத்து வையுங்கள்.

பர்ம்வேர் (சிப்புகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பு எண்கள், பயாஸுக்கும் பிஎம்சி-க்கும்.

இவை எல்லாவற்றையும் சர்வருக்கு வெளியே வையுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு தம்பி அழகாக எக்செல் போட்டு எல்லாவற்றையும் குறித்துவிட்டு, நாங்கள் கழற்றப்போகும் அதே சர்வரின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்திருந்தார். நான் ஒரு தாளிலும் எழுதிக்கொள்வேன். டேட்டா ஹாலுக்குள் கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடைப்பதில்லை.

பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்துவிடுங்கள்.

3. வந்த போர்டையும் கருவிகளையும் முந்தின நாளே பாருங்கள்

பார்ட் எண் ஒரே எழுத்து வித்தியாசத்தில் வேறு போர்டாக இருக்கும். மாடல் பெயரை நம்பாமல், பழைய போர்டின் பார்ட் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேறாக இருந்தால் அது மாற்றாக ஏற்கத்தக்கதுதானா என்று வெண்டரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சிபியு எந்தத் தலைமுறை என்பதையும் சொல்லுங்கள். கிடங்கில் நீண்ட நாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருக்கும், அதற்குப் புதிய தலைமுறை சிபியுவை அடையாளம் தெரியாது, திரை கறுப்பாகவே இருக்கும், நீங்கள் புதுப் போர்டும் பழுது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

டிபிஎம் தனி மாட்யூலாக இருந்தால் புதியது ஒன்றையும் சேர்த்து வரவழையுங்கள். பல மாடல்களில் அது ஒருமுறை மாட்டிய போர்டோடு பிணைந்துவிடும், பழையதைப் பிடுங்கி இங்கே குத்தினால் வேலை செய்யாது.

சாக்கெட் பின்களைப் பார்ப்பது இப்போதே செய்ய வேண்டியது. ரிஸ்ட் ஸ்ட்ராப் போட்டு, பிளாஸ்டிக் கவரை நேராகத் தூக்கி, கைபேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். இன்டெலின் ஜியான் ஸ்கேலபிள் சிபியுவின் முதல் இரண்டு தலைமுறைக்கான சாக்கெட்டில் 3647 பின்கள், காற்றடித்த நெல்வயல் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வரிசை வரிசையாக மின்னும். ஒன்று மட்டும் மின்னாமல் கறுப்பாகத் தெரிந்தால், அல்லது வேறு பக்கம் பார்த்து மின்னினால், அது வளைந்திருக்கிறது. படம் எடுத்து அப்போதே புகார் செய்யுங்கள். வேலை தொடங்கியபின் கண்டுபிடித்தால் வளைத்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும். பார்த்து முடித்ததும் கவரை மூடிவிடுங்கள்.

கருவிகள் அதிகம் இல்லை. சிபியுவின் வெப்பத்தை இழுக்கும் ஹீட் சிங்குக்கு நட்சத்திர முனை டார்க்ஸ் டி30 (ஏஎம்டியின் எபிக் சிபியு என்றால் பெரும்பாலும் டி20), பிலிப்ஸ் 2 எண் ஸ்க்ரூடிரைவர், ரிஸ்ட் ஸ்ட்ராப், ஆண்டி ஸ்டேட்டிக் விரிப்பு, ஐசோபிரோப்பில் ஆல்கஹால், நூல் உதிராத துணி, புதுத் தெர்மல் பேஸ்ட், ஸ்க்ரூ போட மூடியுள்ள சின்ன டப்பாக்கள், மார்க்கர், டேப். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிடும். ஸ்ட்ராப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதன் ஒயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், தவறி மின்சாரத்தைத் தொட்டால் உங்கள் உடம்பு வழியாகப் பெரிய மின்னோட்டம் பாயாமல் தடுப்பது அதுதான்.

4. அனுமதி, நேரம், அட்டைப்பெட்டி

தை செங்கோ ஜூரோங்கோ, டேட்டா சென்டர் எங்கே இருந்தாலும் நுழைவு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பொருள் கொண்டுவருவதற்கும் வெளியே எடுத்துப்போவதற்கும் பெரும்பாலான இடங்களில் தனித்தனி படிவம். வெளியே எடுக்கும் படிவத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள், அப்புறம் பழைய போர்டோடு பாதுகாவலர் மேசை முன் விடிய விடிய நிற்பார்கள்.

நேரத்தைக் கணக்கிடும்போது திரும்பிப் போகும் நேரத்தையும் சேருங்கள். "இத்தனை மணிக்குள் புதுப் போர்டில் ஆன் ஆகவில்லை என்றால் மாற்று சர்வருக்குப் போய்விடுவோம்" என்று ஒரு மணியைக் குறித்து வாடிக்கையாளரிடம் முன்பே ஒப்புதல் வாங்குங்கள். வங்கி வேலை என்றால் இது இன்னும் கறார். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி முக்கியமான ஒரு கணினி அமைப்பு எந்த 12 மாதத்திலும் மொத்தமாக 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் முடங்கக் கூடாது, அனுமதித்த நேரத்தைத் தாண்டி நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கில் போய் உட்காரும் வாய்ப்பு இருக்கிறது.

அட்டைப்பெட்டியை டேட்டா ஹாலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் தூள் ஃபில்டரையும் புகை உணரிகளையும் கெடுக்கும், பல இடங்களில் தடையே உண்டு. வெளியே உள்ள அறையில் பிரித்து, ஆண்டி ஸ்டேட்டிக் பையோடு மட்டும் உள்ளே எடுத்துப்போங்கள்.

பையை எப்போது திறப்பது என்பதில் புதியவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். வெளியே வெக்கை, உள்ளே குளிர், உள்ளே போனதும் போர்டு வேர்க்கும் என்று பயப்படுகிறார்கள். நடப்பது எதிர்மாறு. குளிர்ந்த பொருள் ஈரக் காற்றைத் தொடும்போதுதான் வேர்க்கும், ஐஸ் கோப்பித் தம்ளருக்கு வெளியே நீர் கோப்பது மாதிரி. ஏர்கான் கிடங்கிலிருந்து நேரே வந்த போர்டை, ராத்திரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர் லோடிங் பேயில் வைத்துப் பிரித்தால் நீர் கோக்கும். அங்கே பையைத் திறக்கவே வேண்டாம். உள்ளே கொண்டுபோய், ஹாலின் வெப்பத்துக்கு வரும் வரை மூடியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

உள்ளே குளிருமே என்று ஃபிளீஸ் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவார்கள். ஸ்டேட்டிக்கை உற்பத்தி செய்ய அதைவிட நல்ல துணி கிடையாது, பருத்திச் சட்டையோடு வாருங்கள். 2023-ல் வந்த எஸ்எஸ் 697 என்ற சிங்கப்பூர்த் தரநிலை டேட்டா ஹால்களை 26 டிகிரியிலும் அதற்கு மேலும் ஓட்டுவதற்கானது, அதைப் பின்பற்றும் இடங்களில் ஜாக்கெட் தேவையும் இராது.

5. சரியான பெட்டியை அணையுங்கள்

ஒரே மாதிரி பத்துப் பெட்டி அடுக்கியிருக்கும் ரேக்கில் தவறான சர்வரை இழுப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழைய விபத்து. பிஎம்சி வழியாக அடையாள விளக்கைப் போடுங்கள், முன்னும் பின்னும் நீலமாக மின்னும். அதோடு சீரியல் எண்ணையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள், கூட இருப்பவர் தாளில் பார்த்துச் சரி சொல்லட்டும்.

இயங்குதளம் வழியாக முறைப்படி அணையுங்கள். கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் குழுவில்) இருந்தால் முதலில் வேலைகளை வேறு சர்வருக்கு நகர்த்திப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, கண்காணிப்பு அலாரங்களையும் நிறுத்தி வையுங்கள்.

இப்போது பின்பக்கம். ஒவ்வொரு கேபிளிலும் போர்ட் எண்ணை எழுதி டேப் ஒட்டிப் படம் எடுத்தபின், ஏ, பி என்ற இரண்டு தனி மின்வழிகளின் பவர் கேபிள்களையும் பிடுங்குங்கள். அதன்பின் பவர் பட்டனை 15, 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அணைத்த சர்வரிலும் பிஎம்சி-க்காக மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கேபிளைப் பிடுங்கியபின்னும் கெப்பாசிட்டர்களில் மிச்சம் நிற்கும். மூடியைத் திறந்ததும் போர்டில் ஒரு சின்ன எல்இடி எரிந்தால் இன்னும் காத்திருங்கள்.

டிஸ்க் நிறைந்த 2யூ சர்வர் 25 கிலோவைத் தாண்டும். தனியாளாகத் தூக்காதீர்கள்.

6. கழற்றும் வரிசை

மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் மேலிருந்து ஒரு படம், நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று. கேபிள் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்பது தெரிய வேண்டும், முனை எங்கே குத்தியிருக்கிறது என்பது மட்டும் போதாது. வேறு வழியாகக் கொண்டுபோனால் மூடி போடும்போது நசுங்கும்.

காற்று வழிப்படுத்தும் பிளாஸ்டிக் மூடி, ரைசரும் (கார்டுகளைத் தாங்கும் துணைப் பலகை) அதிலுள்ள கார்டுகளும், ஃபேன் கூண்டு, பவர் சப்ளைகளைப் பாதி வெளியே இழுப்பது, கேபிள்கள், ராம், கடைசியாக சிபியு. இந்த வரிசைக்குக் காரணம், மென்மையான சிபியு சாக்கெட் எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறதோ அவ்வளவு ஆபத்து, அதற்கு மேலே வேறு எதையும் கழற்றும் வேலை மிச்சம் இருக்கக் கூடாது.

கழற்றும் ராமில் ஸ்லாட் பெயரை எழுதிய டேப் ஒட்டுங்கள். ரெய்டு கார்டை அதன் பேட்டரியிலிருந்து பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள், டிஸ்க்கில் எழுதப்படாத தரவு கேஷில் (கார்டின் தற்காலிக நினைவகத்தில்) இருந்தால் அதைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பேட்டரி. டிஸ்க்குகளை அப்படியே அதனதன் இடத்தில் விட்டுவிடுங்கள். எடுக்கவே வேண்டியிருந்தால் எண் எழுதாமல் எடுக்காதீர்கள்.

பழைய போர்டில் இருக்கும் சின்னச் சின்னப் பொருள்களையும் பாருங்கள். இன்டெல் விராக் வைத்து ரெய்டு போட்டிருந்தால் அதன் உரிமச் சாவியான சின்ன மாட்யூல் கட்டைவிரல் நகம் அளவில் போர்டில் குத்தியிருக்கும். உள் யுஎஸ்பி, எஸ்டி கார்டு மாட்யூல், எம்.2 டிஸ்க். இவற்றை விட்டுவிட்டு போர்டைப் பார்சல் கட்டி அனுப்பியவர்கள் உண்டு.

7. சிபியுவை நகர்த்துவது

ஹீட் சிங்கின் மேல் லேபிளில் எண்கள் அச்சாகியிருக்கும். இறுக்க 1, 2, 3, 4 என்றால் தளர்த்துவது தலைகீழ் வரிசை, மேனுவல் வேறு சொல்லாத வரை. ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் ஒவ்வொன்றையும் சில சுற்று தளர்த்திக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் சிபியு சாய்ந்து பின்களில் உரசும். மூன்றாம் தலைமுறை ஜியானிலிருந்து சாய்வைத் தடுக்கும் கம்பிகளும் உண்டு, அவற்றையும் விடுவிக்க வேண்டும்.

நேராகத் தூக்குங்கள். இன்டெலின் 3647 பின் சாக்கெட்டும் அதற்குப் பின் வந்தவையும் சிபியுவை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பிடித்திருப்பதால், அது ஹீட் சிங்கோடு ஒட்டிக்கொண்டே மேலே வரும். தலைகீழாகத் திருப்பி, சிபியு மேலே பார்க்கும்படி விரிப்பில் வையுங்கள். இரண்டு சிபியு என்றால் 1, 2 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிபியுக்கள் வெளியே வந்தபின் பழைய போர்டை எடுக்கலாம். அதற்கென உள்ள கைப்பிடியில் அல்லது நீல நிறத் தொடுமிடத்தில் பிடியுங்கள், ராம் ஸ்லாட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். முன்பக்கமாகச் சற்று நகர்த்திச் சாய்வாக எடுக்க வேண்டும், பின்புறப் போர்ட்டுகள் பெட்டியின் ஓட்டைகளில் செருகியிருக்கும். எடுத்ததும் பெட்டியின் அடியில் டார்ச் அடித்து, ஒரு ஸ்க்ரூ கூட விழுந்து கிடக்கவில்லை என்று பாருங்கள். டப்பாவில் உள்ளவற்றையும் எண்ணுங்கள்.

புதுப் போர்டை உள்ளே வைப்பதற்கு முன் அதன் லேபிளைப் படம் எடுங்கள். சில மாடல்களில் பிஎம்சி-யின் முதல் பாஸ்வேர்டு அந்த லேபிளில்தான் அச்சாகியிருக்கும், மேலே ஹீட் சிங்க் வந்துவிட்டால் படிக்க முடியாது.

போர்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்தியபின்தான் சாக்கெட் கவரை எடுக்க வேண்டும். எடுத்த கவர் உடனே பழைய போர்டின் திறந்த சாக்கெட்டுக்குப் போகட்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை: கவர் இல்லாமல் திரும்பி வரும் போர்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் முழு விலையும் உங்கள் கணக்கில் ஏறும். என் முதல் போர்டில் கவரைக் குப்பையில் போட்டுவிட்டுப் பின்னிரவில் குப்பைப் பையைக் கிளறியிருக்கிறேன்.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் இரு பக்கமும் முழுவதும் துடைத்து, உலரவிட்டு, புதிய பேஸ்ட்டை அதோடு வரும் தாளில் காட்டியபடி போடுங்கள். பழையதின் மேலேயே மாட்டினால் நடுவில் காற்றுக் குமிழி நிற்கும், சிபியு சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிபியுவின் மூலையில் உள்ள முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். அதன் சொந்த எடையிலேயே உட்காரும், அழுத்தத் தேவையில்லை. உட்காரவில்லையென்றால் தூக்கிவிட்டு மறுபடி வையுங்கள். லேபிள் வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

8. மற்றவற்றை மாட்டுவது

கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். ராம் இரு பக்கக் கொக்கிகளும் தானாக மூடும் வரை அழுத்த வேண்டும், புதியவர்கள் உடைந்துவிடும் என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதே ராம் அதே ஸ்லாட்டுக்குப் போகட்டும்.

முதல் முறை ஆன் செய்யும்போது கார்டுகளையும் டிஸ்க்குகளையும் சேர்க்காமல் விடுவது என் வழக்கம். டிஸ்க்குகளுக்கு எண் எழுதி இரண்டு அங்குலம் வெளியே இழுத்து வைத்துவிடுவேன். புதுப் போர்டின் செட்டிங் சரியாகும் முன் இயங்குதளம் பூட் ஆனால், தவறான நேரத்தோடும் தவறான நெட்வொர்க்கோடும் எழுந்து குழப்பிவிடும்.

9. முதல் முறை ஆன் செய்வது

பவர் கேபிளைக் குத்தியதும் பட்டனை அழுத்தாதீர்கள். பிஎம்சி எழுந்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், பவர் பட்டன் விளக்கு நிலையாகும் வரை காத்திருங்கள்.

அழுத்தியபின்னும் காத்திருப்புதான். புதுப் போர்டு இந்த ராமை முதல் முறை பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் சிக்னல் நேரத்தை அளந்து பழக வேண்டும். டிடிஆர்5 ராம் நிறைய இருந்தால் 10 நிமிடத்துக்கு மேலும் திரை கறுப்பாக இருக்கலாம். ஃபேன்கள் முழு வேகத்தில் அலறும், அதைக் கேட்டால் யாருக்கும் பதற்றம் வரும். ஒரு முறை என்னோடு வந்த தம்பி "அண்ணே, டிஸ்ப்ளே வரல" என்று மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டார், ஒவ்வொரு தடவையும் அது முதலிலிருந்து தொடங்கியது. நான்காவது தடவை அவரைக் கோப்பி வாங்கிவர அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வருவதற்குள் பயாஸ் திரை வந்திருந்தது.

உண்மையிலேயே வரவில்லை என்றால் பிஎம்சி லாக்கைப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக உட்காராத ராம், குத்த மறந்த சிபியு பவர் கேபிள், அல்லது சரியாகப் பொருந்தாத ரைசர்.

10. அடையாளமும் பர்ம்வேரும்

முதலில் சீரியல் எண். டெல்லின் பல மாடல்களில் சர்வீஸ் டேக், லைசென்ஸ், செட்டிங்குகளின் நகல் பெட்டியில் தனி இடத்தில் இருக்கும், புதுப் போர்டு அதைக் கண்டதும் திருப்பி எழுதவா என்று கேட்கும். ஆம் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்தில் இல்லை என்று அழுத்திவிட்டால் கையால் அடிக்க வேண்டும், அடிக்கும்போது ஓ எழுத்தா பூஜ்யமா என்று இரண்டு பேர் பாருங்கள். டேக் இடம் காலியாக இருந்தால் மட்டுமே அது ஏற்கும், ஒருமுறை போட்டதை மாற்ற முடியாது. எச்பிஇ-யில் சீரியல் எண்ணையும் புராடக்ட் எண்ணையும் பயாஸ் பயன்பாட்டுப் பகுதிக்குள் போய் நாமே இட வேண்டும்.

அடுத்து பர்ம்வேர், முதலில் பிஎம்சி, பிறகு பயாஸ். ஆகப் புதியது எது என்று தேடாமல், கிளஸ்டரில் உள்ள மற்ற சர்வர்கள் எந்தப் பதிப்பில் இருக்கின்றனவோ அதற்கே கொண்டுவாருங்கள். போர்டு மாற்றிய அதே இரவில் பதிப்பையும் மாற்றினால், நாளை ஒரு கோளாறு வந்தால் எதனால் என்று சொல்ல முடியாது.

அதன்பின் பயாஸ் செட்டிங். பர்ம்வேர் ஏற்றுவதற்கு முன் செய்தால் அது திரும்பவும் மாறிவிடக் கூடும், அதனால்தான் இந்த வரிசை. பிஎம்சி ஐபி, பயனர்கள், லைசென்ஸ் எல்லாம் இங்கேயே முடித்து, முதல் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

கடிகாரத்தைத் தனியாகச் சொல்கிறேன். லினக்ஸும் இஎஸ்எக்ஸ்ஐ-யும் பயாஸ் கடிகாரம் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிங்கப்பூர் நேரத்தை அடித்துவிட்டு லினக்ஸை எழுப்பினால் அது 8 மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். பயனர்களைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி சாதாரணமாக 5 நிமிட வித்தியாசத்தையே ஏற்காது, யாரும் உள்ளே நுழைய முடியாது, நீங்கள் பாஸ்வேர்டில் பிரச்சினை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

11. டிஸ்க், பூட், சாவி

அணைத்து, கார்டுகளை மாட்டி, டிஸ்க்குகளை அதே எண்ணில் தள்ளி, மறுபடி ஆன் செய்யுங்கள். தனி ரெய்டு கார்டு என்றால் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. போர்டிலேயே உள்ள ரெய்டு என்றால் "வேற்று அமைப்பு கண்டேன்" என்று சொல்லலாம். இறக்குமதி செய், அழி என்று இரண்டு வழி காட்டும். அழி என்பது பெயரைப் போலவே வேலை செய்யும், அதன் பக்கம் போகாதீர்கள். டிஸ்க் எதுவும் குறைகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

ரெய்டு சரி, ஆனால் பூட் ஆகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். யூஇஎஃப்ஐ பூட் பட்டியல் பழைய போர்டின் நினைவகத்தில் இருந்தது, அதோடு போய்விட்டது. டிஸ்க்கில் பூட் கோப்பு அப்படியே இருக்கிறது. பயாஸில் புதிய பூட் வழியைச் சேர்க்கும் இடத்துக்குப் போய் அந்தக் கோப்பைக் காட்டினால் போதும். இங்கே பதறி இயங்குதளத்தை மறுபடி நிறுவப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பிட்லாக்கர் சாவி கேட்டால் கொடுங்கள். உள்ளே போனபின் புதிய டிபிஎம்மோடு பாதுகாப்பைத் திரும்ப இயக்குங்கள், இதை நாளைக்குத் தள்ளினால் அடுத்த ரீபூட்டில் ராத்திரி ஷிஃப்ட்காரர் மாட்டிக்கொள்வார்.

12. நெட்வொர்க்

போர்டில் உள்ள போர்ட்டுகளின் மேக் முகவரி மாறிவிட்டது. டிஎச்சிபி-யில் (ஐபி முகவரி தரும் சேவையில்) முகவரியைக் கட்டிவைத்த இடம், ஸ்விட்ச்சில் மேக் பூட்டு, மேக்கைப் பார்த்துத் தரப்பட்ட மென்பொருள் லைசென்ஸ் மூன்றையும் மாற்ற வேண்டும். லினக்ஸில் மேக்கை எழுதிவைத்த அமைப்புக் கோப்பு இருந்தால் போர்ட்டே எழாது.

இஎஸ்எக்ஸ்ஐ-யில் இதற்கு நேர்மாறான தொல்லை. மேலாண்மைப் போர்ட் பழைய மேக்கையே பிடித்துக்கொண்டு நன்றாக வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. பழைய போர்டைச் சரிசெய்து அதே நெட்வொர்க்கில் வேறு சர்வரில் போட்டால், ஒரே மேக் இரண்டு இடத்தில் இருக்கும், இணைப்பு விட்டு விட்டு வரும். உங்களிடமே உதிரியாகத் திரும்பி வரப்போகும் போர்டு என்றால் இதை இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு கேபிளையும் ஒரு முறை பிடுங்கி, மாற்று வழி எடுக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள். பவர் கேபிளையும் அப்படியே, ஒரு நேரத்தில் ஒன்று. அப்புறம் சிபியுவுக்கு அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்து இரண்டு சிபியு வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிக அதிகமாக இருந்தால் பேஸ்ட் சரியில்லை, இன்றைக்கே திறந்து சரிசெய்துவிடுங்கள். ராம் முழு அளவும் தெரிகிறதா என்று எண்ணிப் பார்த்தபின் அலாரங்களைத் திரும்பப் போடலாம்.

13. பழைய போர்டை அனுப்புவது

உடனே அனுப்பாதீர்கள், வெண்டர் தரும் கெடுவுக்குள் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். எதையாவது எடுக்க மறந்திருந்தால் இந்த நாள்களில்தான் நினைவுக்கு வரும்.

பிஎம்சி-யில் உங்கள் ஐபி, பயனர் பெயர்கள், சான்றிதழ்கள் பதிந்திருக்கும். பழைய போர்டுக்கு உயிர் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே, செட்டிங்குகளை எடுத்தபின், அழித்துவிடுவது நல்லது. உயிர் இல்லையென்றால் உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சில வாடிக்கையாளர்கள் டிஸ்க்கைப் போலவே போர்டையும் வெளியே விடமாட்டார்கள், அதற்கு ஒப்பந்தத்தில் தனிக் கட்டணம் இருக்கும்.

புதுப் போர்டு வந்த அதே பை, அதே பெட்டி. இரண்டு சாக்கெட் கவரும் சொடுக்கி உட்கார்ந்திருப்பது தெரியும்படி ஒரு படம், சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், பெட்டியில் டேப் ஒட்டியபின் ஒரு படம். கூரியர்காரர் கையெழுத்திட்ட ரசீதையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள், கணக்கு கேட்டு மின்னஞ்சல் வர இரண்டு மாதம் கூட ஆகும்.